இன்னும் ரெண்டு எடம் கேக்கறாங்க

ஜாதகத்தைக் குடுங்க, ஒரு பார்வை பாத்தர்றேன். நீங்க உக்காருங்க. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. கண்ணாடியெல்லாம் வேண்டாமுங்க எனக்கு. அறுபத்தெட்டு வயசாச்சு, இன்னும் வெறுங்கண்ணுல கட்டம் படிக்கற தரகன் இந்தக் கோபி வட்டாரத்துல சென்னியப்பன் ஒருத்தன்தான். ம்... மக நட்சத்திரம், சிம்ம ராசி. ஏழாமெடம் சுத்தமா இருக்குது. நல்ல ஜாதகமுங்க. பொண்ணு பேரு வைஷாலியா? என்ன படிச்சிருக்குது?

எம்.டெக். கம்ப்யூட்டரு. ஏஐ.

ஓ.

இல்லீங்க, ஒண்ணுமில்லை, சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். நெதர்லாந்துல பிஎச்டிக்கு எடம் கெடச்சிருக்குது. சம்பளத்தோட. திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லோணும். அதுக்கு முன்னால ஒரு பையனைப் பாத்து, பேசி வெச்சுட்டா உங்களுக்கு நிம்மதி. அதானுங்களே? நியாயமான ரோசனை. பொண்ணைப் பெத்தவன் வேற என்னத்தை ரோசிப்பான்?

அவசரமாப் போகோணுமா? இல்லைன்னா சித்தெ இருங்க. என்ற பொண்ணு வர்ற நேரம்தான். அவளும் இதே ஏஐதானுங்க. வாசல்ல போர்டு பாத்திருப்பீங்க, டாக்டர் பூர்ணிமான்னு. அது நான் மாட்டுனது. அவளுக்குப் புடிக்காது, ஆனா நான் கழட்டல. பெரிய படிப்புக்காரி. என்கூடத்தான் பேச மாட்டா. போன ஆடியில இருந்து பேச்சில்லை.

நீங்க காங்கேயம், வெளியூரு. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. உள்ளூர்ல சொன்னா என்ற தொழிலே கெட்டுப்போகும். ஊர்ப் பொண்ணுகளுக்கெல்லாம் எடம் பாத்தவன், சொந்தப் பொண்ணுக்கு முப்பத்திரெண்டு வயசாகியும் ஒண்ணும் பாக்கலையேன்னு இப்பவே வாய்ல போட்டு மெல்லறாங்க. இதுவும் தெரிஞ்சா கேக்கவே வேண்டாம். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஒரு போனு எடுத்தேன். அவ்வளவுதானுங்க. வீட்டுல மணி அடிச்சுது, எடுத்தேன்.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். அவ அம்மா பக்கவாதம் வந்து விழுந்தப்ப பூர்ணிமா காலேஜ் படிச்சுட்டு இருந்தா. அம்மாக்காரிக்கு வாய் கோணி, பேச்சு கொழறிப்போச்சு. அவ பேசுனா எனக்கு எல்லாமே ஒரே சத்தமாத்தான் கேக்கும். நான் பாட்டுக்கு 'சரி, சரி'ம்பேன். இவளுக்கு மட்டும் எப்படியோ புரியும். 'அம்மா தலகாணியை ஒசத்தி வெக்கச் சொல்றாங்கப்பா'ம்பா. 'அம்மா உங்களை மொதல்ல சாப்பிடச் சொல்றாங்கப்பா'ம்பா. ரெண்டு வருஷம் புருசன் பொஞ்சாதி நாங்க பேசுனதெல்லாம் இவ வாய் வழியாத்தானுங்க.

அம்மா போன பொறவு இவ எடுத்த ஆராய்ச்சியே அதுதான். நாக்கு கொழறுறவங்க பேசறது மெஷினுக்குப் புரியோணும், புரிஞ்சு நல்ல வார்த்தையாத் திருப்பிச் சொல்லோணும். ஆசுபத்திரி ஆசுபத்திரியாப் போய் சனங்க பேசறதைப் பதிவு பண்ணிட்டு வருவா. வந்து ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துருவா. கோயமுத்தூர்ல பிஎச்டி முடிச்சா.

அப்பாடா, முடிஞ்சுதுடான்னு நெனச்சேன். ஒரு மூணு ஜாதகம்கூட எடுத்து வெச்சிருந்தேன். அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்குதாமுங்க, போஸ்ட்டாக்காம். டாக்டர் பட்டம் வாங்குன பொறவு, பெரிய புரொபசர் ஒருத்தர்கிட்டச் சம்பளத்துக்கு ரெண்டு வருஷம் இருந்து ஆராய்ச்சி பண்றது. அதுக்கு எடம் தேடறது இருக்குதே, சத்தியமாச் சொல்றேன், அப்படியே என்ற தொழில்தானுங்க! பயோடேட்டா அனுப்போணும். பெரிய மனுசங்க மூணு பேரு 'பொண்ணு தங்கம்'னு எழுதிக் குடுக்கோணும். எத்தனையோ எடத்துக்கு அனுப்புனா எங்கியோ ஒரு எடத்துல இருந்து பதில் வரும். மத்தவங்க புடிக்கலைன்னுகூடச் சொல்ல மாட்டாங்க, சும்மா இருந்துருவாங்க. நமக்குத் தெரியாததா? இவ மெயிலைத் தொறந்து தொறந்து பாப்பா. 'கண்ணு, பதில் வரலைன்னா பொருத்தமில்லைன்னு அர்த்தம், அடுத்த எடம் பாரு சாமி'ம்பேன். சிரிப்பா. அப்பல்லாம் நான் என்ன சொன்னாலும் சிரிப்பா.

அவ கைடு இருக்கறாரே, லெட்டர் எழுதறேன் எழுதறேன்னு இழுத்தடிச்சாரு. இவ பயந்துக்கிட்டுக் கேக்க மாட்டேங்கறா. நானே பஸ் ஏறிப் போய் அவரு வீட்டு வாசல்ல உக்காந்துட்டேன். 'நீங்க அனுப்பற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேனுங்க சார்'ன்னேன். ஒரு மணி நேரத்துல அனுப்பிட்டாரு. இதையும் கணக்குல வெக்கோணுமில்லீங்க? நான் தடுக்கறவனா இருந்தா அங்க போய் எதுக்கு உக்காரப் போறேன்?

கடைசியில பின்லாந்துல இருந்து ஒரு அம்மா பதில் போட்டாங்க. பேரு என்ற வாய்ல வராது, பின்லாந்தம்மான்னுதான் சொல்லுவேன். அவங்களும் இதே மாதிரி, பேச்சு போனவங்களுக்கு மெஷின் செய்யறவங்க. இவ எழுதுனதைப் படிச்சிருக்கறாங்க. வீடியோவுல பேசலாம்னு நாள் குறிச்சாங்க. மத்தியானம் மூணு மணிக்கு மேல. ராகு காலம் இல்லை, நான் பாத்துட்டேன்.

அன்னிக்கு இந்த வீட்டைப் பாக்கோணுமே! அவ உக்கார்ற எடத்துக்குப் பின்னால இருந்த காலண்டரைக் கழட்டிட்டு, புது பெட்ஷீட்டைக் கட்டினேன். 'பட்டுச் சேலை கட்டு கண்ணு'ன்னேன். 'அப்பா, இது பொண்ணு பாக்கறது இல்லை'ன்னா. 'எல்லாம் ஒண்ணுதான் போ'ன்னுட்டு நான் சமையக்கட்டுக்குப் போய் கேசரி கிண்டுனேன். ஆமாங்க, கேசரி. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வெறும் வாயோடவா அனுப்பறது? கதவைச் சாத்திக்கிட்டு அவ உள்ள பேசறா. நான் வெளிய கேசரித் தட்டோட நிக்கறேன். என்ன பேசுறாங்கன்னு ஒரு எழவும் புரியல, ஆனா ரெண்டு தடவை அந்தம்மா சிரிச்சது கேட்டுது. அது போதுமுங்களே. எதிர்ப்பார்ட்டி சிரிச்சா எடம் முடிஞ்ச மாதிரி.

வெளிய வந்தவ அப்படியே என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. தட்டு சாஞ்சு சட்டையெல்லாம் கேசரி. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே வழிச்சுத் தின்னோம்.

அடுத்த வாரம் மெயில் வந்துருச்சு. எடம் உனக்குத்தான், பத்து நாள்ல சரின்னு எழுதுன்னு. இவ அப்பவே எழுத உக்காந்துட்டா. நான்தான், 'ஏ, ஏ, நில்லு'ன்னேன். கேட்ட ஒடனே தலையாட்டுனா நம்ம மதிப்பு என்னத்துக்கு ஆகறது? எத்தனை கல்யாணம் முடிச்சிருக்கறேன், ஒரு பொண்ணு வீட்டையாவது மொதத் தடவை கேட்டதும் சரின்னு சொல்ல விட்டிருப்பனா? 'ஊடு இருக்குது, பெரியவங்க இருக்கறாங்க, கலந்து சொல்றோம்னு சொல்லு. நான் அதுக்குள்ள விசாரிக்கறேன்'னேன். அவ என்னையே பாத்தா. பொறவு சொன்னா, 'சரிப்பா. நீங்க மனசார சரின்னு சொன்னாத்தான் எழுதுவேன். உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேன், நீங்க சொல்லாம நான் போக மாட்டேன்'னு. அப்படிப்பட்ட பொண்ணுங்க அவ.

விசாரிச்சேன். விசாரிக்காம இருப்பனா? நான் கல்யாணம் முடிச்சு வெச்ச ஒரு பையன் அந்த ஊர்லதான் வேலைல இருக்கறான், அவன் சம்சாரம் அந்த யுனிவர்சிட்டியிலயே படிக்குது. மூணாம் நாளே பதில் வந்துருச்சு. அந்தம்மா தங்கமாம். கூட வேலை செய்யறவங்களைப் புள்ளைங்களாட்டம் பாத்துக்குவாங்களாம், சனி ஞாயிறு வேலையே சொல்ல மாட்டாங்களாம். ஒரு குத்தம் சொல்ல முடியல.

அதை அப்பவே இவகிட்டச் சொல்லல. எதுக்குச் சொல்லோணும்? சொன்னா அன்னிக்கே எழுதிருவா. எழுதுனா டிக்கெட்டு, விசான்னு பறக்க ஆரம்பிச்சிருவா. அவங்களே பத்து நாள் குடுத்திருக்கறப்ப நமக்கென்ன அவசரம், சித்தெ கெடக்கட்டும்னு விட்டேன். தெனமும் காலைல காப்பியைக் கொண்டாந்து குடுத்துட்டு எதுத்தாப்ல உக்காந்துக்குவா. 'விசாரிச்சாச்சாப்பா?' 'விசாரிச்சுக்கிட்டே இருக்கறேன் கண்ணு.' பொறவு அந்த ஊரு குளிரு, மெஷினு, அவ அம்மா பேச்சு, அது இதுன்னு சொல்லுவா. ராத்திரி ஒட்டுக்கா உக்காந்து சாப்புடுவோம். எத்தனை வருஷமாச்சுங்க அவ என்கூட அப்படி உக்காந்து! அந்தப் பத்து நாள் மாதிரி எனக்கு இனி வராது.

கடைசி நாள் அவளுக்குக் காலேஜ்ல பரீட்சை ஹால் வேலை. அப்ப இங்கதான் தற்காலிகமாப் பாடம் எடுத்துட்டு இருந்தா. வண்டிய எடுக்கறப்ப, 'அப்பா, இன்னிக்குக் கடைசி. சாயந்திரம் வந்து எழுதிருவேன், சரின்னு சொல்லிருங்க'ன்னா. 'நீ போய்ட்டு வா, சாயந்திரம் சொல்றேன்'னேன். பரீட்சை ஹால்ல செல்போனை வாங்கி வெச்சுக்குவாங்களாமா, மெயிலும் பாக்க முடியாது.

ரெண்டு மணி இருக்கும். பிளஸ் போட்டு ஒரு நம்பர் வருது. அவ அனுப்புன பாரத்துல இருக்கறது என்ற நம்பர்தானுங்க. ஆறாவது சேத்தறப்ப இருந்து அவ எந்தப் பாரம் எழுதுனாலும் என்ற நம்பர்தான் போடுவா. வெளியாளுக்குப் பொண்ணோட நம்பரைக் குடுக்கறது நம்ம வழக்கத்துல இல்லை, நான்தான் பழக்கி விட்டது. எடுத்தேன். பின்லாந்தம்மா! அவங்களே பேசறாங்க! பூர்ணிமா பேரைச் சொல்லி என்னமோ கேட்டாங்க. 'டிசிஷன்'னு காதுல விழுந்துச்சு. 'டுடே'ன்னு விழுந்துச்சு.

எனக்குப் புடிபட்டுப்போச்சு. எதிர்ப்பார்ட்டி தானா போன் போட்டா என்ன அர்த்தம்? தவிக்குதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல தரகன் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சொன்னா சாயந்திரத்துக்குள்ள தட்டோட வாசல்ல வந்து நிப்பாங்க, முன்னால பேசுனதுக்கு மேல ஒரு படி எறங்கி வருவாங்க. ஒரு தடவைகூடத் தப்புனதில்லை. நிமுந்து உக்காந்து, நிதானமாச் சொன்னேன். 'வீ ஆர் திங்கிங் மேடம். டூ மோர் பிளேசஸ் ஆல்சோ ஆஸ்கிங்.' யோசிச்சுட்டு இருக்கறோம், இன்னும் ரெண்டு எடம் கேக்கறாங்க.

'ஐ அண்டர்ஸ்டாண்ட்'னாங்க. குரல் எறங்கிப்போச்சு. எனக்கு ஒரே குஷி, பார்ட்டி மடங்கிருச்சுன்னு. 'ஆல் தி பெஸ்ட்'னு வேற சொன்னாங்க. எவ்வளவு மரியாதை பாருங்க! 'தேங்க்யூ மேடம்'னு நானும் மரியாதையா வெச்சேன். கடைக்குப் போய் ரவை வாங்கிட்டு வந்தேன், கேசரிக்கு.

அஞ்சு மணிக்கு வந்தா. வாசப்படி தாண்டறதுக்குள்ள சொன்னேன், 'கண்ணு, உன்ற பின்லாந்தம்மாவே கூப்பிட்டாங்க. ஒரு சுண்டு சுண்டி விட்டிருக்கறேன், பாரு, இன்னும் நல்லா எறங்கி வருவாங்க.' நின்னுட்டா. 'என்ன சொன்னீங்கப்பா? அப்படியே சொல்லுங்க'ன்னா. சொன்னேன். 'இன்னொருக்காச் சொல்லுங்க'ன்னா. நல்லா எடுத்தே சொன்னேன், டூ மோர் பிளேசஸ் ஆல்சோ ஆஸ்கிங்னு. அப்படியே செருப்பு விடற எடத்துல உக்காந்துட்டா. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. அந்த ஹெல்மெட்டோட உக்காந்தே போன்ல மெயில் எழுதுனா.

ராத்திரியே பதில் வந்துருச்சு. இவ வேற எடத்துக்குப் போறான்னு நெனச்சு, வரிசைல ரெண்டாவதா இருந்த ஆளுக்கு எடத்தைக் குடுத்துட்டாங்களாமா. அந்த ஆளு ஒடனே சரின்னு எழுதிட்டாராமா. பின்லாந்தம்மா ரொம்ப வருத்தப்பட்டுத்தான் எழுதியிருந்தாங்களாம்.

அன்னிக்கு என்கிட்டச் சொன்னதுதானுங்க கடைசி. கத்தல, திட்டல. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. 'உங்ககிட்ட மட்டும்தானேப்பா கேட்டேன்'னா. எழுந்து உள்ள போயிட்டா.

நீங்களே சொல்லுங்க. அது என்ன மனுசங்க, ஒரு வார்த்தைக்கு எடத்தை மாத்திக் குடுத்தர்றதா? நம்ம பக்கம் அப்படியா? பொண்ணு வீட்டுல கொஞ்சம் பிகு பண்ணுனா நாலு தடவை கேக்க மாட்டாங்க? நான் எங்கியும் முடியாதுன்னு சொல்லலையே! யோசிக்கறோம்னுதானே சொன்னேன். அந்தம்மாவுக்கு வழக்கம் தெரியல. நான் விடல. அந்த நம்பருக்கு நானே ரெண்டு மூணு தடவை போட்டேன், எங்க பக்கம் சம்மதம்னு சொல்றதுக்கு. எடுக்கல. வேலையா இருப்பாங்க. ஆனா கூப்புடுவாங்க. மனசுக்குப் புடிச்ச எடத்தை யாரும் அவ்வளவு லேசா விடறதில்லை. அதுக்குத்தான் போனை எந்நேரமும் சார்ஜ்ல போட்டே வெச்சிருக்கறேன், பாருங்க. குளிக்கப் போனாக்கூட ஜன்னல்ல வெச்சுட்டுத்தான் போறது.

இவளும் பொறவு எங்கெங்கியோ அனுப்பிப் பாத்தா. ஒண்ணும் திகையல, எங்கியும் அமையல. படிப்பு முடிச்சு வருஷம் ஆக ஆக பழைய பிஎச்டின்னு தள்ளறாங்களாமா. நம்ம தொழில்ல வயசு பாக்கற மாதிரிதான். இப்ப அந்தக் காலேஜ்லயே நிரந்தரமாச் சேந்துட்டா. பசங்க வந்தாங்களா வரலையான்னு கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலையும் அவகிட்டத்தானாம். அந்த ஹெட்போனு அலமாரியில கெடக்குது. தூசி படியாம நான்தான் தொடச்சு வெக்கறேன்.

இந்தா, வண்டிச் சத்தம். அவதான். நீங்க ஒண்ணும் காட்டிக்காதீங்க.

வா கண்ணு. இவங்க காங்கேயத்துல இருந்து வந்திருக்கறாங்க. இவங்க பொண்ணும் உன்ற படிப்புதானாமா. நெதர்லாந்துல பிஎச்டிக்கு எடம் கெடச்சிருக்குதாமா, திங்கக்கெழமை பதில் சொல்லோணுமாமா.

பாத்தீங்களா, உங்களுக்கு ஒரு கும்பிடு. எனக்கு அதுவுமில்லை. உள்ள போயிட்டா. பரவாயில்லை, பழகிருச்சு. ஆனா சோத்துக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டா. அதுவும் போன்லதான். அந்த ரூம்ல இருந்து இந்த ரூமுக்கு 'சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு'ன்னு மெசேஜ் வரும். நான் ஒண்ணைக்கூட அழிக்கறதில்லைங்க. இந்தா, இப்பப் பாருங்க, வந்துருச்சு: 'வந்தவங்க காப்பிக்குச் சக்கரை போடலாமா?' பத்தடி தூரமுங்க. போடலாமுங்களா? சரி, போடலாம்னு அனுப்பிட்டேன்.

வந்துட்டா. டம்ளரை வாங்கிக்கங்க. சூடா இருக்கும், பாத்து.

...

கேட்டீங்களா? ஏனுங்க, கேட்டீங்களா? பேசிட்டாளே! 'திங்கக்கெழமை வரைக்கும் வேண்டாங்க, இன்னிக்கே சரின்னு எழுதச் சொல்லுங்க. யார்கிட்டயும் கேக்க வேண்டாம்னு சொல்லுங்க'ன்னா. இந்த ஊட்டுக்குள்ள அவ குரல் கேட்டு எத்தனை மாசமாச்சு! அப்படியே அவ அம்மா குரலா ஆயிருக்குதுங்க. விழறதுக்கு முன்னால இருந்த குரலு. நான் கவனிக்கவே இல்லை. எங்க கவனிக்கறது, பேசுனாத்தானே?

என்னைப் பாத்துச் சொல்லலதான். உங்களைப் பாத்துத்தான் சொன்னா. இருந்தாலும் என்ற காதுலயும் விழுந்துச்சுங்களே.

இல்லீங்க, கண்ணு கலங்கல. காப்பி ஆவி அடிக்குது.

இந்தாங்க, ஜாதகத்தைப் புடிங்க. ஜாதகத்துல ஒரு குத்தமும் இல்லை. எனக்குத்தான் இப்பல்லாம் கண்ணு செரியாத் தெரியறதில்லைங்க. கட்டமெல்லாம் கலங்கலா இருக்குது, எந்தக் கெரகம் எங்க இருக்குதுன்னே தெரியல. வேற தரகரா? வேண்டாமுங்க. இப்ப ஒருத்தரும் வேண்டாம். பஸ் ஏறுனதும் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுருங்க. ஊட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க.

அட, டம்ளரை நீங்க எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க? அப்படியே வைங்க. மேசை மேல இருக்கட்டும். நீங்க போன பொறவு, அதை எடுக்கறதுக்கு அவ இன்னொருக்கா இங்க வருவா.